வெளியே போன பாஸ்வேர்டு

சர்வர் அறையில் ஏசி இரைந்துகொண்டிருந்தும் அவனுக்குக் கழுத்து வியர்த்தது. திரையில், அவன் பெயரில் இரண்டு பேர் உள்ளே இருந்தார்கள். ஒன்று அவன். இன்னொன்று அவன் வீட்டு கம்ப்யூட்டரிலிருந்து. வீட்டில் இந்நேரம் அப்பா மட்டும்தான் இருப்பார். பக்கவாதத்தில் பேச்சும் வலக்கையும் போய், கட்டிலே கதியென்று கிடப்பவர்.

ஆபீசில் அவனுக்கு 'நாளைக்கு' என்று பட்டப்பெயர். கோப்புகளை வாங்கி அனுப்பும் அந்த சர்வரில் ஓட்டை இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பாஸ்வேர்டுகளை அள்ளிவிடலாம், உடனே அதை அடைத்துவிடுங்கள் என்று எச்சரிக்கை வந்தபோதும் அவன் அதையேதான் சொன்னான்.

மேனேஜரம்மா கதவருகே வந்து நின்றார்.

"எல்லாரோட பாஸ்வேர்டும் வெளிய போயிடுச்சுப்பா. உன்னோடதும்தான்."

"நீங்க… பாத்தீங்களா மேடம்?"

அவர் தரையைப் பார்த்தார். "நீ வீட்டுக்குப் போ. மத்ததை நாங்க பாத்துக்கறோம்."

காது மடல் வரை எரிந்தது. அப்பாவின் நனைந்த விரிப்பை மூன்றாம் முறையாக மாற்றிவிட்டு வந்து உட்கார்ந்த ஒரு நாள், கம்ப்யூட்டர் புதுப் பாஸ்வேர்டு கேட்டது. அலுத்துப்போய், மனதில் வந்ததை அப்படியே சேர்த்து அடித்தான்: சீக்கிரம்செத்துப்போப்பா1. யார் பார்க்கப் போகிறார்கள்? மாற்றச் சொன்னபோதெல்லாம் கடைசி எண்ணை மட்டும் கூட்டிக்கொண்டான். அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிய கையோடு வந்து, தினமும் அதை அடித்துத்தான் வேலையைத் தொடங்கினான்.

வீட்டுக் கதவு பூட்டியபடி இருந்தது. உள்ளே தைலமும் மூத்திரமும் கலந்த வழக்கமான நெடி. கம்ப்யூட்டர் மட்டும் விழித்திருந்தது. அதன் முன்னால் கிடந்த நாற்காலியைத் தொட்டுப் பார்த்தான். சூடாக இருந்தது.

பகல் நர்சுக்குப் போன் போட்டான்.

"நான் அப்பவே கிளம்பிட்டேனே தம்பி. அப்பா நல்லாத் தூங்கிட்டிருந்தாரு."

போனை வைத்ததும் அப்பாவின் அறையிலிருந்து குரல் வந்தது.

"சீக்கிரம் செத்துப்போப்பா. ஒண்ணு."

குழறல் இல்லை. சின்ன வயதில் அவனுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த அதே நிதானம்.

"சீக்கிரம் செத்துப்போப்பா. ரெண்டு."

அவன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். "அப்பா… அது உங்களைச் சொன்னதில்லப்பா." பொய். சொல்லும்போதே கூசியது. அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எண்கள் ஏறின. ஆறு. ஏழு. எட்டு. இன்று காலை அவன் அடித்தது எட்டு. இதோடு நின்றுவிடும்.

"ஒம்போது."

அறை இருட்டில் கட்டில் முனகியது. அவன் விளக்கைப் போட்டான்.

அப்பாவுக்குக் கோபமே இல்லை. பிள்ளை கேட்டு இல்லையென்று சொல்லிப் பழகாத மனிதர். அவனைப் பார்த்து வாஞ்சையாகச் சிரித்தார். விழுந்துபோன வலக்கை மெல்ல எழுந்தது. தலைக்கு அடியிலிருந்த தலையணையை உருவியது. அவனிடம் நீட்டியது.