ஒற்றைக் குண்டு

மணி ஆறரை ஆகியும் கோழிகள் அடையவில்லை. ஏழும் மழையில் நனைந்தபடி வாசலில் நின்றன. எதுவும் கிளறவில்லை, கொக்கரிக்கவில்லை. ஏழும் வீட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தன.

ஐயாவு துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கிக் காலால் ஒன்றைத் தள்ளினான். அது இரண்டடி சறுக்கிப் போய், திரும்பி, மறுபடி கதவைப் பார்த்து நின்றது.

தோட்டத்துக் கூலிகளின் கடைசி லயத்தில் வரிசையாக எட்டு வீடுகள். ஏழு காலி. அங்கே குடியிருந்த பத்துமலையைப் புலி கொண்டுபோனதும் தோட்டத்துத் துரை எல்லோரையும் ஆலைப் பக்கத்து லயங்களுக்கு மாற்றிவிட்டார். ஐயாவு காவல்காரன். புதுக்காட்டு ரப்பர்க் கன்றுகளைப் பன்றி தோண்டாமல் பார்ப்பது அவன் வேலை. கன்றுகள் இங்கே இருப்பதால் அவனும் இங்கேதான் இருந்தாக வேண்டும். அவனோடு மனைவி இருளாயி. பிறந்து முப்பத்திரண்டு நாளான மகள்.

புலி என்பது துரையின் முடிவு. லயத்துச் சனம் வேறு மாதிரி பேசியது. பத்துமலை போன அன்று அவனுடைய அம்மாவின் குரல் வெளியிலிருந்து கூப்பிட்டதாம். அவன் கதவைத் திறந்துகொண்டு போனான். ஆனால் அம்மா அந்த நேரம் வீட்டுக்குள், அவன் மனைவி ராக்காயியின் பக்கத்தில் படுத்திருந்தாள். ராக்காயி தன் கண்ணால் பார்த்திருக்கிறாள். வெளியே நின்று கூப்பிட்டது எதுவோ, அதற்கு வீட்டுக்குள் இருப்பவர்களின் குரல் தெரியும் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். மறுநாளிலிருந்து அம்மாவையும் காணவில்லை. மகன் போன துக்கத்தில் காட்டுக்குள் போயிருப்பாள் என்றார்கள். யாரும் தேடவில்லை.

இன்று பின்னேரம் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி நவமணி மேசைமேல் இரண்டு தினுசுத் தோட்டாக்களை வைத்தார். ஒன்றில் கடுகு போன்ற பொடி ரவை. இன்னொன்றில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரே ஒரு ஈயக்குண்டு.

"காட்டுல பன்னிக்கு ஒத்தக் குண்டு. வீட்டுக்குக் காவலுன்னா ரவை. ரெண்டையும் மாத்திப் போட்டுடாதே" என்றார்.

"ரவையை வச்சிப் புலிக்குச் சொறிஞ்சா விடுறது, கிராணி ஐயா?"

"டேய், லயத்துச் சுவரு வெறும் பலகைலா. ஒத்தக் குண்டு நாலு வீட்டைத் தொளைச்சிக்கிட்டுப் போயி அஞ்சாவது வீட்டுக்காரன் சோத்துத் தட்டுல விழும். ரவைன்னா பலகையிலேயே நின்னுடும்."

"அஞ்சாவது வீட்டுல யாரு இருக்கா? எல்லாந்தான் காலி."

நவமணி சிரித்துவிட்டு, சிரிப்பு பாதியில் நின்றுபோக, பேரேட்டைத் திருப்பினார். "உன் இஷ்டம். கையெழுத்துப் போடத் தெரியாது. ரேகையை வை."

ஐயாவு ஒற்றைக் குண்டுக்கே ரேகை வைத்தான். இவனுக்கு முன்னால் காவல் பார்த்தவன் ரவைதான் போட்டிருந்தான். அவனுடைய இடுப்பு வாரை மட்டும் ஓடையில் எடுத்தார்கள். வரும் வழியில், பால்மரங்களுக்கு நடுவே நின்று, குழலை மடித்துக் குண்டைப் போட்டு மூடினான். அந்த 'டக்' சத்தம் அவனுக்குத் தைரியமாக இருந்தது.

இப்போது வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. பூட்டவில்லை. தள்ளினான்.

உள்ளே விளக்கு ஏற்றவில்லை. மழைநாளின் கடைசி வெளிச்சம் பலகை இடுக்குகளில் கோடு கோடாக விழுந்து, பாதி வழியில் இருட்டாகிக் கொண்டிருந்தது. பிள்ளை பெற்றவளுக்குப் போடும் சாம்பிராணிப் புகையும் பூண்டு வாடையும் தினமும் இருக்கும். இன்று அவற்றுக்கு அடியில் இன்னொன்று இருந்தது. நாள்பட்ட ரப்பர் ஒட்டுப்பால் சாக்கில் புழுங்கிப் புளித்த வாடை. இருளாயி பாயில் சுவர்ப்பக்கம் திரும்பி, தலையோடு கம்பளியை இழுத்து மூடிப் படுத்திருந்தாள். கம்பளிக்குள் பிள்ளை பால் குடிக்கும் சத்தம் கேட்டது. நிதானமாக, விடாமல்.

"வெளக்கு ஏத்தலியா?"

"ம்."

"காய்ச்சலா?"

"ம்."

துப்பாக்கியைத் தூணில் சாய்த்துவிட்டு நெருப்புப்பெட்டியைத் தேடினான். வழக்கமான விளக்கு மாடத்தில் இல்லை. அடுப்பு குளிர்ந்து கிடந்தது. உலையில் போட்ட அரிசி பாதி வெந்து விறைத்திருந்தது. அரிசியைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போகிறவள் இல்லை இருளாயி. காய்ச்சல் என்றால் அப்படித்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அப்போது பக்கத்துக் காலி வீட்டிலிருந்து, பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம், தரையோடு தரையாக ஒரு குரல் வந்தது.

"ஏங்க."

ஐயாவு அசையவில்லை.

"ஏங்க, சத்தம் போடாம வெளிய வாங்க. பாயைப் பாக்காதீங்க."

இருளாயியின் குரல். அவளுடைய இழுவை, அவளுடைய மூச்சு. ஐயாவு பாயைப் பார்த்தான். கம்பளி மெதுவாக ஏறி இறங்கியது. பால் குடிக்கும் சத்தம். கை தானாகத் தூணுக்குப் போய்த் துப்பாக்கியை எடுத்தது.

"ஒனக்குக் கேட்டுச்சா?" என்று பாயைப் பார்த்துக் கேட்டான்.

"ம்."

"அதுகிட்டப் பேசாதீங்க," என்றது சுவர். "அது நான் இல்ல. அது வாசலேறி வாரதப் பாத்துட்டுத்தான் நான் பின்பக்கமா இங்க வந்து ஒளிஞ்சேன். கும்பிடுறேன், வெளிய வாங்க."

வெளியே நின்று கூப்பிடும். வீட்டுக்குள் இருப்பவர் குரலில் கூப்பிடும். பத்துமலை போனான். வாசலில் கோழிகள் இன்னும் நிற்பது கதவிடுக்கில் தெரிந்தது. ஒரு காலெடுத்துக் கதவுப் பக்கம் வைத்தான். மகள் இங்கே இருக்கிறாள். காலை எடுத்துவிட்டான்.

"ஏங்க," என்றது பாய். முதல் தடவையாகப் பேசியது. மென்மையான, மரியாதையான குரல். "வேணாங்க. போகாதீங்க. பயமா இருக்கு."

இரண்டும் ஒரே குரல். ஒரே தொண்டை.

சுவரில் நகம் பிறாண்டியது.

"ஐயாவு!"

துப்பாக்கியைச் சுவர்ப் பக்கம் திருப்பினான்.

"ஐயாவு! ஐயாவு, வெளிய வா!"

கல்யாணமாகி ஆறு வருசம். இருளாயி ஒருநாளும் அவன் பெயரைச் சொன்னதில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணி உன் புருசன் பெயர் என்ன என்று கேட்டபோதுகூட, பக்கத்தில் நின்றவளைச் சொல்லச் சொன்னாள். ஊரிலிருந்து கப்பலில் வந்த அத்தனை பெண்களும் அப்படித்தான். புருசன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும். பாம்பு கடித்தாலும் சொல்லமாட்டாள். செத்தாலும் சொல்லமாட்டாள்.

அப்படியானால் அது அவள் இல்லை.

தெளிவாகிவிட்டது. துப்பாக்கிக் குதிரையைப் பின்னுக்கு இழுத்தான்.

"ஐயாவு, அதுக்கு முகம்..."

"சுடுங்க," என்றது பாய்.

சுட்டான்.

வீடு அதிர்ந்தது. காது அடைத்தது. கூரைத் தூசி கொட்டியது. புகை கலைந்தபோது பலகையில், முழங்கால் உயரத்தில், எலுமிச்சை அளவு ஓட்டை. அந்தப் பக்கம் ஏதோ பலகையை உரசிக்கொண்டே கீழே சரிந்தது. மெதுவாக. வளையல் ஒலித்தது. பிறகு ஒலிக்கவில்லை.

ஐயாவு மூச்சு விட்டான். சிரிப்பு வந்தது. பாய்ப் பக்கம் திரும்பினான்.

கம்பளி அசையவே இல்லை. அத்தனை வெடிக்கும் திடுக்கிடவில்லை.

முப்பத்திரண்டு நாள் பிள்ளை. பாத்திரம் விழுந்தாலே வீரிட்டு அழும் பிள்ளை.

வாடை ஏறியது.

பலகைச் சுவரின் அடியில், இடுக்கு வழியாக, கறுப்பாக ஒன்று கசிந்து வந்தது. அவன் கால்விரலைத் தொட்டது. வெதுவெதுப்பாக இருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் அவன் மகள் வீரிட்டு அழத் தொடங்கினாள்.

கம்பளிக்குள் பால் குடிக்கும் சத்தம் நிற்கவில்லை.