ஊதிய மூச்சு

குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், சுளகால் மூடிய பேசினுக்குள் இருந்து சத்தம் வந்தது. நீந்தி வருபவர்களை விரட்ட, துறைமுகத்தில் கடற்படை தண்ணீருக்குள் வெடி போடும்போதெல்லாம் வீடு அதிர்ந்து அலுமாரிக் கண்ணாடி கிணுகிணுப்பது அசனாவுக்குப் பழக்கம். ஆனால் வெடி ஓய்ந்து வெகுநேரமாகியும் இது ஓயவில்லை. ஈரத்துணியை யாரோ மெல்ல இழுத்து, மெல்ல விடுவதுபோல.

பேசினில் இருந்தது ஆட்டு நெஞ்சுக்கூடு. நாளைய விலங்கியல் செய்முறைக்காக, இறைச்சிக்கடை வைத்திருக்கும் வாப்பா பிரிமென்தகடு கிழியாமல் வெட்டிக் கொடுத்தது. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் அந்தச் சவ்வின்மேல் இதயம் குந்தியிருந்தது. இரு பக்கமும் சளிபோல் வழவழத்த சுவாசப்பைகள். அந்தியில் மூச்சுக்குழாய்க்குள் பப்பாசி இலையின் குழல்போன்ற காம்பைச் செருகி, அசனா ஊதிப் பார்த்திருந்தாள். பைகள் புடைத்தன, சவ்வு இறங்கியது, இதயமும் கூடவே இறங்கியது. வாயை எடுக்குமுன் புளித்த புல்லும் பச்சை இரத்தமும் கலந்த வெக்கை நாற்றம் தொண்டைக்குள் ஏறியது. காம்பைக் குழாயிலேயே விட்டுவிட்டு ஓடிப்போய் எத்தனை தரம் கொப்பளித்தும் பல்லிடுக்கில் அது கிடந்தது.

பக்கத்துப் பாயில் படுத்திருந்த மூத்தவள் லைலாவை இடித்தாள்.

"ராத்தா, கேக்குதா?"

"எலியாக்கும். படுடி."

"நான் அதுக்குள்ள ஊதினனான். ஊதின காத்து வெளியில வரல்ல."

"செத்த ஆட்டுல வாய வச்சியா? சீ. இனி என்ட கோப்பையில தேத்தண்ணி குடிச்சிடாத."

"வெளியில எறிஞ்சிட்டு வருவமா?"

"ஊரடங்குக்குள்ள கதவத் திறந்தா, நம்மளத்தான் எறிவானுகள்."

லைலா திரும்பிப் படுத்தாள். அசனா மூச்சை அடக்கினாள். குசினியும் அடங்கியது. விட்டாள். அங்கே இழுத்தது. மறுபடி அவள் இழுத்தபோது பாதிதான் வந்தது. அடுத்ததில் அதிலும் குறைவு.

காம்பைப் பிடுங்கிவிட வேண்டும். இருக்கிற மூச்சோடு எழுந்து ஓடினாள்.

அடுப்புத் தணலின் வெளிச்சத்தில் சுளகை நீக்கினாள். விலா இடுக்குகளில் இளஞ்சிவப்பு நுரை பிதுங்கியது. சவ்வு இறங்கியது. ஏறியது. அதன்மேல் இதயம். துடித்தது.

காம்பைப் பிடித்தாள். வழுக்கியது. வரவில்லை.

அவள் வயிறு அசையவில்லை. வாய் திறந்தும் காற்றில்லை. கண் இருண்டது.

குனிந்தாள். காம்பை வாயில் வைத்தாள். உறிஞ்சினாள்.

சூடான நுரை. புளித்த புல். மயிர் ஒன்று நாக்கில்.

அவள் நெஞ்சு நிமிர்ந்தது. பேசினில் பைகள் தாழ்ந்தன.

வாயை எடுத்தாள். நெஞ்சு நின்றது. மீண்டும் வைத்தாள்.

"அசனா? என்னடி செய்றாய்?" வாசலில் லைலா, கையில் விளக்கு.

பதில் சொல்ல, வாயை எடுக்க வேண்டும்.

உறிஞ்சினாள்.