கோட்டுப் பையில் இருந்த மனு

காலை 7.15. குவோப்பியோ நகரில், ஏரிக்கரை ஓட்டல். சிற்றுண்டி மேசைகளை அடுக்கிவிட்டுப் பின்கட்டுக்கு வந்த சானா, கொக்கியில் மாட்டியிருந்த தன் கோட்டுப் பைக்குள் கைவிட்டாள். மனுவைக் காணோம்.

நிரந்தர ஊழியர்களுக்குப் பூட்டுள்ள அலமாரி உண்டு. அழைத்தால் மட்டும் வேலைக்கு வருகிறவர்களுக்குச் சுவரில் கொக்கிதான். ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் வேண்டும் என்று கேட்ட மனு அது. தொழிலாளர் சங்க அலுவலகத்துக்கு ஒன்பது மணிக்குப் போகவேண்டும். அதற்குள் மேலாளர் தார்மோ எட்டு மணிக்கே வந்துவிடுவார். அவர் யாரையும் நீக்குவதில்லை. கையெழுத்துப் போட்டவர்களுக்கு அழைப்பு வராமல் நின்றுவிடும், அவ்வளவுதான்.

சானா, சங்கப் பிரதிநிதியான சமையல்காரி ஹெல்காவிடம் ஓடி விஷயத்தைச் சொன்னாள்.

"எத்தனை பேர் கையெழுத்துப் போட்டிருக்கீங்க?"

"பத்துப் பேர்னு நேத்தே எல்லாருக்கும் தெரியும். இன்னிக்கு வேலைக்கு வரும்போது பாத்திரம் கழுவுற ஆத்தொஸும் போட்டான். யார்கிட்டயும் சொல்லாதேன்னான். உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன்."

ஹெல்கா முதலில் ஆத்தொஸைத் தனியாக விசாரித்தாள். அவன் யாரிடமும் மூச்சு விடவில்லை. சானா கோட்டை மாட்டியதற்குப் பிறகு பின்கட்டுப் பக்கம் போனவர்கள் இரண்டே பேர் என்பதும் அவன் சொல்லித் தெரிந்தது.

7.30. முதல் ஆள் ரெய்னோ, நிரந்தரப் பரிசாரகன். அழைப்பில் வருகிறவர்களுக்குச் சம்பளம் ஏற்றினால் தனக்குக் குறைப்பார்கள் என்று வெளிப்படையாகவே திட்டுகிறவன். எல்லாருக்கும் அவன்மேல்தான் சந்தேகம்.

"எடுக்கணும்னா உங்க கண்ணு முன்னாடியே கிழிச்சிருப்பேன்," என்றான். "பத்துப் பேர் கையெழுத்து எதைச் சாதிச்சிடும்?" தன் அலமாரியை அவனே திறந்து காட்டினான்.

7.40. அடுத்தவள் மில்லா, சானாவைப் போலவே அழைப்புக்குக் காத்திருப்பவள். முகம் வெளுத்திருந்தது.

"நானும்தானே கையெழுத்துப் போட்டேன்? அது தார்மோ கையில கிடைச்சா பதினோரு பேர் பொழப்பும் போயிடும். நான் ஏன் எடுக்கணும்?"

சானாவும் உள்ளே வந்ததும் ஹெல்கா கதவைச் சாத்தினாள்.

"நீதான் எடுத்திருக்கே, மில்லா. ரெய்னோகூட பத்துன்னுதான் சொன்னான். பதினொண்ணுன்னு தெரியணும்னா இன்னிக்கு அந்தத் தாளைப் பார்த்திருக்கணும்."

மில்லா குனிந்து காலுறைக்குள்ளிருந்து மடித்த தாளை எடுத்தாள். பெயர்களைக் கொண்டுவந்தால் நிரந்தரமாக்குவதாகத் தார்மோ சொல்லியிருந்தார்.

"நாலு வருஷமா போனைத் தலைமாட்டுல வெச்சுக்கிட்டுதான் தூங்கறேன்," என்றாள்.

திட்ட வாயெடுத்த சானா நிறுத்திக்கொண்டாள். அவளும் அப்படித்தான் தூங்குகிறாள்.

7.58. கதவு திறந்தது. ஹெல்கா தாளை மேலங்கிக்குள் செருகவும் தார்மோ உள்ளே வரவும் சரியாக இருந்தது. மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மில்லா, எனக்கு ஏதோ தரணும்னியே?"

மில்லா ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும்.

"இல்லை," என்றாள் மில்லா. "எனக்கு ஒண்ணும் கிடைக்கல."

அவர் அவளையே சிறிது நேரம் பார்த்துவிட்டு, தலையசைத்துப் போனார்.

ஒன்பது மணிக்கு மனு சங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மாலையில் அடுத்த வார அழைப்புகள் வந்தன. மில்லாவுக்கு மட்டும் வரவில்லை. சானா தன் போனை அணைத்துவிட்டு அவள் வீட்டை நோக்கி நடந்தாள்.