ஒன்பதாவது படம் யாருடையது?

மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த முகைதீனின் கடிகாரக் கடையில் சனிக்கிழமை மூன்று மணிக்கு மேல் கடிகார வேலை நடக்காது. துப்பறியும் வேலைதான் நடக்கும் என்று முகைதீன் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். உண்மையில் நடப்பது டீ குடிப்பது. கப்பல் சரக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் சேதம் பார்க்கும் சர்வேயரான சந்திரமௌலி, அரைநாள் ஆபீஸ் முடிந்து வந்து உள்பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கிளாஸ் குடித்துவிட்டுப் போவார். அக்கம்பக்கத்துச் சிக்கல்கள் ஓரிரண்டை அவர் அவிழ்த்ததுண்டு. அவிழ்த்தது ஒரு பங்கு என்றால் முகைதீன் அதைப் பற்றிப் பேசியது பத்துப் பங்கு. அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் 1966 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை செல்வமேரி கடைக்கு வந்தாள்.

வந்தவள் நாலேமுக்கால் அடி உயரம்கூட இல்லை. உயரமான கடை மேஜைக்கு மேலே அவள் தலையும் தோளும்தான் தெரிந்தன. வீடு ஆண்டாப் ஹில். மருந்துக் கம்பெனியில் சீசாவுக்கு லேபிள் ஒட்டும் வேலை. அம்மாவைத் தவிர வேறு யாரும் இல்லை.

"அண்ணாச்சி, நான் பொய் சொல்லல. அது நான் எடுத்த படம்" என்றாள், உட்காருவதற்கு முன்பே.

"யாரு பொய்ன்னு சொன்னா? பேரைச் சொல்லு தாயி" என்று முகைதீன் பென்சிலைத் தேடினார்.

"முதல்லேர்ந்து சொல்லும்மா" என்றார் சந்திரமௌலி.

மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூடத்து மாடியறையில் ஞாயிறுதோறும் படக்கலை வட்டம் கூடும். பாங்க் குமாஸ்தா தனசீலன் அதற்குச் செயலாளர், வகுப்பெடுப்பவரும் அவரே. இருபது பேர் படிக்கிறார்கள், சொந்தக் காமிரா உள்ளவர்கள் ஐந்தாறு பேர். மற்றவர்களுக்கு வட்டத்தின் பொதுக் காமிரா ஒன்று. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு லென்ஸ் வைத்த பெட்டிக் காமிரா அது. மேல் லென்ஸ் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் படம் பிடிப்பதற்கு. நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, மேலே உள்ள கண்ணாடியைக் குனிந்து பார்த்து எடுக்க வேண்டும். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். ஃபிலிம் குதிரைக்கொம்பாக இருந்த காலம் என்பதால் வெளியே போகும்போது ஒரு ரோலை மூன்று பேர் பங்கிட்டுக் கொள்வார்கள், ஆளுக்கு நாலு.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு மாஹிம் கடற்கரைக்குப் போனார்கள். முதலில் தனசீலன் நாலு எடுத்தார், அடுத்து செல்வமேரி, கடைசியில் செம்பூரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் செல்லத்துரை. நோட்டில் ஒன்று முதல் நாலு வரை தனசீலன், ஐந்து முதல் எட்டு செல்வமேரி, ஒன்பது முதல் பன்னிரண்டு செல்லத்துரை என்று எழுதியிருந்தது.

"கரையில ஒரு பெரிய சுறா கிடந்துச்சு. சுத்தி ஒரே கூட்டம். அதைத்தான் கடைசியா எடுத்தேன். படம் ரொம்ப நல்லா விழுந்திருச்சு. ஆனா அது ஒன்பதாம் நம்பராம். அதனால செல்லத்துரை அண்ணாச்சி எடுத்ததாம். திங்கக்கிழமை கோட்டை ஏரியாவுல நடக்கிற கண்காட்சிக்கு அவரு பேருல போவுது. என்னோடதுன்னு எந்திரிச்சுச் சொன்னேன். இருபது பேரு முன்னாடி என்னைத் திருடின்னு சொல்லிட்டாங்க."

"யாரு சொன்னது?"

"எல்லாரும் சிரிச்சாங்க ஸார். கூட்டத்துக்கு மேல இருந்து பாத்து எடுத்த படம், ஆறடி ஆளுதான் எடுக்க முடியும், உனக்கு முதுகுதானே தெரியும்ன்னாங்க. நாளைக்கு மன்னிப்பு எழுதிக் கொடுக்கணுமாம், இல்லன்னா பேரை எடுத்துருவாங்க. அந்தக் காமிராவை விட்டா எனக்கு வேற காமிரா ஏது?" இதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் நடுங்கியது.

"உனக்கு எத்தனை படம் கொடுத்தா?" என்று கேட்டார் சந்திரமௌலி.

"மூணுதான். நாலாவது எங்கன்னு கேட்டேன். உன் பங்குல ஒண்ணு வெறுமையா விழுந்திருச்சுன்னாரு தனசீலன் சார்."

"சரி தாயி, அந்தச் சுறாவை எப்படித்தான் எடுத்தே?" என்று முகைதீன் ஆவலாக முன்னால் சாய்ந்தார்.

சந்திரமௌலி கையை உயர்த்தித் தடுத்தார். "சொல்லாதேம்மா. சரக்கைப் பார்க்கிறதுக்கு முந்தி சொந்தக்காரன் பேச்சை நான் கேக்கறதில்லை. நீ சொல்லி நான் தெரிஞ்சுண்டா, உனக்குப் பரிஞ்சு பேசறேம்பா. ஃபிலிமே சொல்லட்டும்."

முகைதீனுக்கு அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. செல்லத்துரை காமிராவைத் தூக்கிக்கொண்டு தென்னை மரத்தில் ஏறியிருப்பான் என்றுகூட யோசித்துப் பார்த்தார்.

மறுநாள் ஒன்பது மணிக்கே மூவரும் மாடியறைக்குப் போனார்கள். வகுப்புக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. தனசீலன் வெள்ளைச் சட்டையில் கசங்கல் இல்லாத மனிதர். சுவரில் தன் கையால் எழுதிய விதிகளை ஒட்டி வைத்திருந்தார். செல்லத்துரையும் வந்திருந்தார். கதவு நிலையில் குனிந்துதான் அவர் உள்ளே வர வேண்டியிருந்தது.

"ரூல்ஸ் எல்லாருக்கும் ஒண்ணுதான் சார்" என்று தனசீலன் நோட்டையும் ஆல்பத்தையும் எடுத்து வைத்தார். "நீங்க தாராளமாப் பாக்கலாம்."

ஆல்பத்தில் மாஹிம் பக்கம் அழகாக ஒட்டப்பட்டிருந்தது. தனசீலன் பெயருக்குக் கீழே படகு, வலை, கூடை, ஒற்றைக் காக்கை என்று நாலு படம். செல்வமேரிக்கு மூன்று. செல்லத்துரைக்கு நாலு, அவற்றில் முதலாவது அந்தச் சுறாப் படம். முகைதீன் வாயைப் பிளந்துவிட்டார். நடுவில் மணலில் சுறா, சுற்றிலும் வட்டமாகக் கோளி மீனவர்களின் குல்லாய்கள், கூடை சுமந்த பெண்களின் உச்சி வகிடுகள். ஒரே ஒரு குழந்தை மட்டும் அண்ணாந்து நேராகக் காமிராவைப் பார்க்கிறது.

"பிரமாதம்" என்றார் சந்திரமௌலி, செல்லத்துரையைப் பார்த்து. "எப்படி எடுத்தேள்?"

"அது என்ன சாமி, சார் சொல்லிக் கொடுத்தாப்லதான். நெஞ்சோட சேத்துப் பிடிச்சு, குனிஞ்சு பாத்து, டப்புன்னு அமுக்கினேன். நமக்குத்தான் உசரம் இருக்கே." செல்லத்துரை சிரித்தார். சிரிப்பு கொஞ்சம் சீக்கிரமே நின்றது.

"நெகட்டிவைப் பார்க்கலாமா?"

தனசீலன் ஒரு நொடி தயங்கினார். பிறகு ஓர் உறையை எடுத்துக் கொடுத்தார். நாலு நாலு படமாக வெட்டிய மூன்று துண்டுகள், ஓரத்தில் எண்கள். முகைதீன் கடிகாரம் பார்க்கும் பூதக்கண்ணாடியைக் கண்ணில் பொருத்திக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்தார்.

"முதல் துண்டு... ஒண்ணாம் நம்பர்ல ஒண்ணுமே இல்ல சாமி, கண்ணாடி கணக்கா இருக்கு. ரெண்டு படகு, மூணு வலை, நாலு கூடை. அடுத்த துண்டு... அஞ்சு காக்கை. ஆறு, ஏழு, எட்டு இந்தப் பிள்ளையோடது. மூணாவது துண்டு... அட, இதைத் தலைகீழாப் பிடிச்சிட்டேன் போலிருக்கு. சுறா கவுந்து கிடக்கு." திருப்பினார். "இப்பம் சுறா சரியா இருக்கு, மத்த மூணும் கவுந்திருச்சே! என்ன எழவு இது?" மறுபடியும் திருப்பினார். மூன்றாம் முறை கழுத்தையும் சேர்த்துத் திருப்பினார்.

"போதும் ஓய், கழுத்து சுளுக்கிக்கப் போறது" என்றார் சந்திரமௌலி. "நீங்க பிடிச்சதுல தப்பில்லை. எல்லாரும் உக்காருங்கோ."

உட்கார்ந்தார்கள். செல்வமேரி மட்டும் சுவரோரமாக நின்றுகொண்டாள்.

"செல்லத்துரை, உங்க நெஞ்சு தரையிலேர்ந்து நாலரை அடி இருக்குமா? காமிரா அங்கேதான் இருந்ததுன்னு நீங்களே சொன்னேள். நீங்க எத்தனை உயரமா இருந்தாலும் படம் பிடிக்கிறது உங்க கண் இல்லை, நெஞ்சுகிட்ட இருக்கிற லென்ஸ். நாலரை அடியில வச்சு எடுத்தா முன்னாடி நிக்கறவா முதுகுதான் விழும். குல்லாயோட மேல்பக்கமும் வகிடும் விழாது. இந்தப் படம் கூட்டத்துத் தலைக்கு மேலேர்ந்து எடுத்தது."

"அப்பம் காமிராவைத் தலைக்கு மேல தூக்கிருப்பாரு" என்றார் முகைதீன்.

"தூக்கினா பார்க்கிற கண்ணாடி வானத்தைப் பார்த்துண்டு இருக்குமே. எதை வச்சுக் குறி பார்க்கிறது? ஒரே வழிதான் உண்டு. காமிராவைத் தலைகீழாக் கவுத்து மேலே தூக்கணும். அப்போ கண்ணாடி கீழ்ப்பக்கம் வரும், அண்ணாந்து பார்த்து எடுக்கலாம். அப்படி எடுத்தா அந்த ஒரு படம் மட்டும் ஃபிலிம்ல மத்ததுக்கு எதிரா விழும். ஒன்பது கவுந்திருக்கு. பத்து, பதினொண்ணு, பன்னிரண்டு நேரா இருக்கு. இப்போ நீ சொல்லும்மா."

"காமிராவைக் கவுத்துப் பிடிச்சேன் ஸார்" என்றாள் செல்வமேரி. "ஊர்வலத்துல ஒரு பேப்பர்க்காரரு அப்படி எடுத்ததைப் பாத்திருக்கேன். எனக்கு முன்னால எப்பவும் யாராவது நிப்பாங்க. வேற எப்படி எடுக்க?"

செல்லத்துரை தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆனா நோட்டுல நம்பர் ஒன்பதுன்னு இருக்கே சார்" என்றார் தனசீலன். "எட்டோட அவ பங்கு முடிஞ்சது."

"அதுக்குத்தான் வரேன். அவ பங்குல ஒண்ணு வெறுமையா விழுந்ததுன்னு சொன்னேள். அஞ்சுலேர்ந்து எட்டு வரைக்கும் வெறுமை எதுவும் இல்லையே? வெறுமையா இருக்கிறது ஒண்ணாம் நம்பர். அது உங்க பங்கு."

"ஃபிலிம் கோளாறா இருக்கலாம்."

"வெளிச்சம் புகுந்திருந்தா நெகட்டிவ் கறுத்திருக்கும். இது கண்ணாடியா இருக்கு. வெளிச்சமே படலை. மேல் லென்ஸ்ல பார்க்கிறபோது எல்லாம் நன்னாத் தெரிஞ்சிருக்கும், கீழ் லென்ஸ்ல மூடி இருந்திருக்கும். புதுசாக் கத்துக்கிறவா எல்லாரும் பண்ற தப்பு அது. நீங்க மூடியைக் கழட்டி, வேற நாலு எடுத்தேள். அதனால எல்லாமே ஒண்ணு தள்ளிப் போச்சு. செல்வமேரி எடுத்தது ஆறு முதல் ஒன்பது."

"தெரியாம நடந்ததுதானே அது?" என்றார் முகைதீன், மனம் இரங்கி.

"மூடி தெரியாம நடந்தது. இது தெரிஞ்சு நடந்தது." சந்திரமௌலி ஆல்பத்தில் காக்கையின்மேல் விரலை வைத்தார். "நோட்டுப்படி உங்களுக்கு நாலோட முடியணும், ஒண்ணு வெறுமை போக மூணு படம்தான். உங்க பேருக்குக் கீழே நாலு ஒட்டியிருக்கேள். காக்கை அஞ்சாம் நம்பர், நோட்டுப்படி அவளோடது. உங்க கணக்கை மட்டும் சரியா ஒண்ணு தள்ளிண்டேள். அவ கணக்கைத் தள்ளலை. தள்ளினா மூடி வெளியே வந்துடும்."

கீழே தெருவில் ஒரு குல்ஃபிக்காரன் மணியடித்துக்கொண்டு போனான்.

முதலில் உடைந்தவர் செல்லத்துரைதான். "நான் மூணுதான் எடுத்தேன் சாமி. மூணுலயே ரோலு தீந்து போச்சு. அன்னைக்கே சார்கிட்டச் சொன்னேன். உமக்கு எண்ணத் தெரியல, நாலுதான்னுட்டாரு. படத்தைப் பாத்து நாலு பேரு கையைக் குலுக்கவும், நானும் நாலுன்னு நம்பிக்கிட்டேன். காலிபீலி, காரணமே இல்லாம ஒரு பிள்ளையைத் திருடியாக்கிட்டேன்."

தனசீலன் சுவரில் ஒட்டியிருந்த விதிகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். "ஆறு வருஷமா மூடியைக் கழட்டுங்க, மூடியைக் கழட்டுங்கன்னு கத்திட்டிருக்கேன். நானே மறந்தேன்னு எப்படிச் சொல்வேன்? முதல்ல சின்ன விஷயமாத்தான் இருந்தது. அவ எந்திரிச்சுக் கேட்டப்புறம்... சொல்ல முடியாமப் போச்சு." அவர் அவள் பக்கம் திரும்பினார். "மன்னிச்சிரும்மா."

முகைதீனுக்கு அவரை நாலு அறை விடலாம் போலவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

செல்வமேரி சுவரை விட்டு நகரவில்லை. "மூடியை மறந்ததுல என்ன சார் இருக்கு? நானும்தான் மறந்திருக்கேன். பதினஞ்சு நாளா நான் தூங்கல. அம்மாகிட்டச் சொல்லல. எனக்கு உண்மைன்னு தெரியும், உங்களுக்கும் தெரியும், அப்பவும் என் மூஞ்சியைப் பாத்து மன்னிப்பு எழுதுன்னீங்களே" என்றாள். "எங்கிட்டத் தனியாச் சொல்ல வேண்டாம். இருபது பேரு முன்னாடிதானே திருடின்னீங்க? அங்கயே சொல்லுங்க."

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஒவ்வொருவராக வந்து பெஞ்சுகளில் உட்கார்ந்தார்கள். சிலர் செல்வமேரியைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் குசுகுசுத்தார்கள். சொல்லப்போகிறாரா, மழுப்பப்போகிறாரா என்று முகைதீன் தனசீலனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சந்திரமௌலியின் முழங்கையை இடித்தார். சந்திரமௌலி அசையவில்லை.

பத்து மணிக்குத் தனசீலன் எழுந்து நின்றார். ஒரு மணி நேரம் நிற்காமல் பேசக்கூடியவருக்கு அன்றைக்கு இரண்டு வாக்கியம் சொல்லி முடிக்க வெகு நேரம் பிடித்தது.

"மாஹிம் ரோலோட முதல் படத்தை நான் லென்ஸ் மூடியோட எடுத்தேன், அதை மறைச்சேன். சுறாப் படம் செல்வமேரி எடுத்தது, அது எனக்கு முதல்லேர்ந்தே தெரியும்."

கண்காட்சிக்கு அனுப்ப வைத்திருந்த பெரிய பிரதியை அவர் எடுத்துக் கவிழ்த்து, பின்பக்கத்தில் இருந்த பெயரை அடித்துவிட்டு செல்வமேரி என்று எழுதினார். பதினைந்து நாளாக அழாதவள் அப்போதுதான் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். செல்லத்துரை எழுந்து தன் இடத்தை அவளுக்கு விட்டார்.

கடைசி பெஞ்சில் ஒரு பெண் சற்று நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "ஏ செல்வமேரி, அவ்வளவு கூட்டத்துல, இந்த உசரத்தை வச்சுக்கிட்டு எப்படி எடுத்தே? எனக்கும் காட்டேன்."

செல்வமேரி கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் போய்க் காமிராவை எடுத்தாள்.