முந்திக்கொண்ட குரல்

"உனக்கு ஜிபுன்னே கிடையாதுக்கா. ஹோட்டலுக்குப் போனா பக்கத்துல இருக்கிறவங்க சொல்றதையேதான் நீயும் சொல்லுவ."

"எனக்கு நூடுல்ஸ் பிடிக்கும்டி."

"நான் சோறு சொல்லியிருந்தா சோறு பிடிச்சிருக்கும்!"

கல்யாணத்துக்கு முந்தின வாரம் தங்கை மிட்சுகோ செய்த கிண்டல் அது. ஜிபுன் என்றால், 'நான்' என்று ஒருவருக்குள் ஊன்றி நிற்பது. சிசூரு அன்று சிரித்துவிட்டாள்.

ஜப்பானின் கனசாவாவில் பனி கொட்டிய ஒரு காலையில், கென்சாகுவின் இரண்டாம் மனைவியாக அந்தப் பழைய மரவீட்டுக்கு வந்தாள். முதல் மனைவி சயோ இறந்து இரண்டு வருடமாகியிருந்தது. சயோவின் ஆறு வயது மகள் நாவோ சிசூருவை அம்மா என்றாள். குழந்தை சொல்வதைப் போலவே கென்சாகுவும் 'அம்மா' என்றார். அங்கே எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். சயோவையும் அப்படித்தான் அழைத்திருந்தார்.

என் பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்க நினைத்தாள். வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

அங்கே காலையில் முதல் சோறு இறந்தவர்களுக்கு. பின்னறையில் அவர்களைக் கும்பிடும் கறுப்பு அலமாரியில் சயோவின் படம். ஊறிப்போன ஊதுவத்தி வாசனை. முதல் நாள் கிண்ணத்தை வைத்தபோது சிசூரு பணிவாகச் சொன்னாள்:

"அக்கா, நீங்க எப்படி இருந்தீங்களோ, அப்படியே நானும் இருந்துக்கிறேன்."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

"அம்மா, என் சாக்ஸ் எங்க?" என்றாள் நாவோ ஒருநாள்.

"இதோ" என்றாள் சிசூரு.

"இதோ" என்றது பின்னறை.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சில நாட்களில் அந்தக் குரல் முந்திக்கொண்டது. சிசூரு வாய் திறப்பதற்குள் பதில் போய்விடும்.

"இன்னிக்கு சூப் பழைய ருசி வந்திருச்சே!" என்று கென்சாகு உறிஞ்சிக் குடித்தார்.

அன்று அவள் சூப்பே வைக்கவில்லை.

மறுநாள் காலை சோற்றுக் கிண்ணத்துடன் அலமாரியின் முன் மண்டியிட்டாள். சமையலறையில் கரண்டி சத்தம் கேட்டது. யாரோ சிரித்தார்கள்.

சிசூருவின் சிரிப்பு. அவள் சிரிக்கவில்லை.

காகிதக் கதவு நகர்ந்தது. நாவோ வந்து, சயோவின் படத்துக்குச் செய்வதுபோல் சிசூருவின் முகத்துக்கு நேரே சின்ன மணியைத் தட்டிக் கைகூப்பினாள். கண்கள் அவளைக் கடந்து எங்கோ பார்த்தன.

"அப்பா, கும்பிட்டாச்சு. அம்மா சாப்பிடக் கூப்பிடறாங்க."

கென்சாகுவும் வந்து மண்டியிட்டார். சிசூரு அவர் சட்டைக் கையைப் பிடிக்கப் போனாள். விரல்களில் துணி சிக்கவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்னங்க... என்னை சிசூருன்னு பேர் சொல்லிக் கூப்பிடுங்க. ஒரே ஒரு தடவை."