பேர் சொல்லாத வீடு

சாயங்காலமானால் எங்கள் குடியிருப்பில் ஒரே கூச்சல். "வெட்டுக்கிளி, குளிக்க வாடா!" "ஏய் எருக்கு, வீட்டுப்பாடம் எழுதிட்டியா?" உள்ளேயிருந்து "இதோ வரேம்மா" என்று பதில் வந்ததும், கூடத்துச் சுவரிலிருக்கும் செவிப்பொறி பச்சையாக மினுங்கும். என் பெயர் பிரண்டை. சிரிக்க வேண்டாம். இந்தப் பெயரோடு பள்ளிக்கூடத்தில் நான் பட்ட பாடே போதும்.

காடுகள் போன பிறகு செடிகொடிகளும் பூச்சிகளும் உயிர்க்காப்பகத்தின் உறைகலன்களில்தான் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் அங்கே இடமில்லை. மனிதர் வாயில் புழங்கும் பெயருக்கே இடம் என்று சட்டம் வந்தது. பட்டியலை வாசித்தால் செல்லாது. வெளியாள் கூப்பிட்டாலும் செல்லாது. அந்தப் பெயர் வைத்துக்கொண்டவரை அவர் வீட்டார் கூப்பிட வேண்டும், அவர் பதில் சொல்ல வேண்டும், இரண்டும் செவிப்பொறியில் பதிய வேண்டும். ஒரு வருடம் யாரும் கூப்பிடாவிட்டால் கலனை அணைத்துவிடுவார்கள்.

சட்டம் போட்ட புண்ணியவான்களுக்கு நம் வீடுகளைப் பற்றி என்ன தெரியும்? என் அப்பா பெயர் மருது. அந்தப் பெயரில் மிச்சமிருப்பவர் அவர் ஒருவர்தான். எனக்கு அவர் அப்பா, என் கணவருக்கு மாமா, அம்மாவுக்கு 'ஏங்க'. பெயர் சொல்லிக் கூப்பிட்ட பெரியத்தை போன ஆவணியில் இறந்துவிட்டாள். அதோடு அந்தப் பெயர் எங்கள் வீட்டில் ஒலிக்கவேயில்லை.

இன்று மாலையோடு கெடு முடிகிறது. மருத மரமும், அதன் இலையைத் தின்று வளரும் மருதுப் பட்டுப்பூச்சியும் ஒரே கலனில் இருக்கின்றன. அப்பாவோ படுத்த படுக்கை. நான் கூச்சத்தை விட்டு "மருது" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். அவர் அசையவில்லை.

"அம்மா, உன் குரலுக்குத்தான் அவர் கண்ணு தொறக்கறார். ஒரே ஒரு தடவை கூப்பிடும்மா."

"போடி. இத்தன வருஷமா கூப்பிடாத பேரு."

"எத்தன தடவை உங்கிட்ட கெஞ்சியிருக்கார்!"

"கெஞ்சட்டும்னுதான் கூப்பிடல" என்றாள் அம்மா. சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. அப்பாவின் போர்வையை இழுத்துவிட்டபடி, "மரம் போயிட்டா அவரு பேரும் போயிரும்ல?" என்று கேட்டாள்.

"போயிரும்மா."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் காதருகே குனிந்தாள்.

"மருது."

முதலில் குரலே எழும்பவில்லை. மறுபடி உரக்கக் கூப்பிட்டாள். அப்பா கண் திறந்தார். அவர் முகத்தில் அப்படியொரு மலர்ச்சியை நான் பார்த்ததேயில்லை.

"அம்மா... வந்துட்டியா?" என்றார்.

செவிப்பொறி பச்சையானது. மரம் பிழைத்தது, பூச்சியும் பிழைத்தது. இன்னொரு வருடத்துக்குள் யார் குழந்தைக்காவது அந்தப் பெயரை வைத்துவிடலாம். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"நான்தாங்க..." என்று அம்மா வாயெடுத்தாள். அப்பாவின் கண்கள் அவளைத் தாண்டி யாரையோ தேடின. "அம்மா?" என்றார் மறுபடி, பயந்துபோய்.

அம்மா அவர் தலையைக் கோதினாள்.

"ஆமாடா கண்ணு. வந்துட்டேன்."