பைசனுக்கு நடைப்பயிற்சி

குணாளன் இரும்புத் தவாவைப் புகையக் காயவைத்து, உப்பும் மிளகும் தடவிய பைசன் காட்டெருமைத் துண்டைப் போட்டார். பக்கத்துக்கு இரண்டு நிமிடம்தான். கொழுப்பில்லாத இறைச்சி, கொஞ்சம் விட்டால் செருப்பாகிவிடும். ஆனால் இன்று துண்டைச் சுற்றிக் கொழுப்பு உருகி மிதந்தது. நாளைக்குச் சோதனை.

இதய நோயாளிகளுக்கு நலவாரியம் ஆளுக்கொரு தசைத்தொட்டி கொடுத்திருந்தது. அதில் பைசனின் தசை மட்டும் தானாக வளரும். புரதமும் இரும்புச் சத்தும் ஏராளம். சும்மா கிடக்கும் தசையில் கொழுப்பு சேருமே? அதற்குத்தான் நடைக்காப்பு. அதைக் காலில் மாட்டி நடந்துவிட்டு வந்து தொட்டியில் வைத்தால், நடந்த தூரமெல்லாம் தொட்டித் தசையும் துடித்துத் தீர்க்கும். கொழுப்பு ஐந்து விழுக்காட்டைத் தாண்டினால் தொட்டியைத் தூக்கிப்போய்விடுவார்கள். பிறகு ஆயுசுக்கும் கொள்ளுக் கஞ்சிதான்.

நடப்பது குணாளனுக்கு ஆகாது. மதுரையிலேயே ஓயாத உழைப்பாளி என்று அவர் நம்பிய பரோட்டா மாஸ்டர் இருளப்பனின் காலில் காப்பை மாட்டிவிட்டார். மூன்று மணிக்கொரு தரம் அதைக் கழற்றி வந்து தொட்டியில் வைத்து, மறுபடி கொண்டுபோய் மாட்ட வேண்டும். பரோட்டாக் கடைச் சந்துக்குள் வண்டி நுழையாது. ஒரு நாளைக்கு நான்கு நடை, ஒவ்வொன்றும் போக வர மூன்று கிலோமீட்டர். நீங்களே மாட்டிக்கொண்டு போகலாமே என்று மனைவி கேட்டதற்கு, அப்புறம் அது நடைப்பயிற்சி ஆகிவிடாதா என்று எரிந்து விழுந்தார்.

சோதனைக்கு வந்த அலுவலர் தவமலர் தொட்டித் தசையில் ஊசியைக் குத்திப் பார்த்தார். பத்தொன்பது விழுக்காடு. மாஸ்டருக்குக் கைதான் ஓடும், கால் அடுப்புக்கு முன்னால் நட்டுவைத்த மாதிரி நிற்கும் என்பது குணாளனுக்கு அப்போதுதான் உறைத்தது. தவமலர் அடுத்து அவருடைய விரலில் குத்தி, இரண்டு தடவை சரிபார்த்தார்.

"சார், ஒங்களுக்கு நோயே போயிருச்சு. மாட்டுக்குக் கொழுப்பு ஏறலேன்னாலும் தொட்டிய எடுத்திருப்போம். கொணமானவங்களுக்குக் கெடையாது."

குணாளன் மூச்சு வாங்குவதாகச் சொல்லி, இருமியும் காட்டினார். எடுபடவில்லை. தொட்டி படியிறங்கியபோது அவர் அழாத குறை.

ஒரு வாரம் கழித்து இருளப்பன் வீடு தேடி வந்தார். நின்ற இடத்திலேயே நின்று அவருக்கும் இதயத்தில் அடைப்பாம். வாரியம் புதுத் தொட்டி கொடுத்திருக்கிறதாம். மடியிலிருந்து காப்பை எடுத்தார்.

"அடுப்ப விட்டு எனக்கு எங்கண்ணே நகர முடியுது? நீங்கதான் நல்லா நடக்குறீங்க. வாரம் ரெண்டு துண்டு தந்துர்றேன்."

குணாளன் வேட்டியைத் தூக்கிக் காலை நீட்டினார்.